சொந்த பிளேடு

அது ரத்த டெஸ்ட்டுக் கவர்தானே சார்? பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு. மடியில வச்சு ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு வர்றீங்களே, கைக்குழந்தையைக்கூட மனுசன் இப்பிடிப் பொத்த மாட்டான். சுகர்தானே? சுகர்னா ஒண்ணுமில்ல சார். சுகர் வந்தவனை ஊர்ல எவனும் ஒரு மாதிரிப் பார்க்க மாட்டான். சோத்தைக் கொறைச்சு, நாலு எட்டு நடந்தா ஓடிரும் காலம்.

இந்தா, என் பையிலயும் ஒரு கவர் இருக்கு. என்னது இல்ல, என் மருமகளது. கௌசல்யான்னு பேரு. என் மகன் அழகுராஜாவுக்குக் கட்டி ஏழு மாசம் ஆகுது, அஞ்சு மாசம் முழுகாம இருக்கா. சுகாதார நிலையத்துல ரத்தம் எடுத்துப் பார்த்திருக்காய்ங்க. ரத்தத்துல கிருமி இருக்காம். பி வைரஸாம். ஈரலைத் தின்னுருமாம். இருமுனா வராது, தும்முனா வராது, ஒரே தட்டுல சாப்பிட்டா வராது, ரத்தத்துக்கு ரத்தம்தான் தாவும், இல்லைன்னா புருசன் பொண்டாட்டிக்குள்ள தாவும்னு அந்த நர்ஸம்மா என் வீட்டுக்காரி பேச்சியம்மாகிட்ட வெளக்கமாச் சொல்லிருக்கு. அப்ப எப்பிடி வந்துச்சு? நீங்களே சொல்லுங்க சார். குடும்பத்துல இருக்கிற ஒரு பொம்பளைப் புள்ளைக்கு எப்பிடி வரும்?

அதைப் பேசி முடிக்கத்தான் போய்க்கிட்டு இருக்கேன். காரியாபட்டில, பொண்ணோட தாய்மாமன் வீட்டுல, பதினோரு மணிக்குப் பேச்சு. பேச்சியம்மா அந்தப் புள்ளையை மாட்டுத்தாவணில பஸ் ஏத்தி அனுப்பி இருபது நாளாச்சு. இன்னைக்கு ரெண்டு பக்கத்து ஆளுகளையும் வச்சுக்கிட்டு தீர்த்து விட்டுட்டு வந்துரணும். என் மகன் முந்தின பஸ்ஸுல போயிட்டான், ஸ்டாண்டுல நிப்பான்.

பொண்ணு வீட்டுக்காரன் ஒரே பிடியா நிக்கிறான். "எங்க புள்ளைக்கு இருக்குன்னா மாப்பிள்ளையும் ரத்தம் குடுக்கட்டும், பார்ப்போம்"ங்கிறான். அந்த நர்ஸம்மாவும் அதையேதான் சொல்லிருக்கு, புருசனைக் கூட்டிட்டு வாங்கன்னு. அழகு போறேன்னுதான் கெளம்புனான். நான்தான் மறிச்சேன். ஆம்பிளை நீ எதுக்குடா போயி கையை நீட்டணும், தப்பு அங்கிட்டு இருக்கு, நீ போயி நின்னா நம்ம மேல சந்தேகம்னு ஆயிரும்லன்னேன். கேட்டுக்கிட்டான். அப்பன் சொன்னா கேட்டுக்கிடுற புள்ளை சார்.

என்னடா இந்த ஆளு, வைரஸு கிருமின்னு டாக்டரு கணக்காப் பேசுறானேன்னு பார்க்கிறீங்க. எனக்கு இந்த நோயைத் தெரியும் சார். உள்ள இருந்தப்பத் தெரிஞ்சுக்கிட்டது. உள்ளன்னா ஜெயிலு. சொல்றதுக்கு என்ன வெக்கம், பன்னெண்டு வருசம் இருந்தேன். வரப்புத் தகராறு, பங்காளியை ஒரு வெட்டு. ஒரே வெட்டுத்தான், ஆளு போயிட்டான். பொங்கலுக்கு முந்தித்தான் விட்டாய்ங்க. அட, நல்லா சாஞ்சு உக்காருங்க. இப்பல்லாம் நான் எறும்பைக்கூட மிதிக்கிறதில்ல.

உள்ள எனக்குச் சவர வேலை. பரம்பரைத் தொழில்னு நினைச்சிராதீங்க, நான் வெளிய பம்புசெட்டு மெக்கானிக்கு. முன்னாடி சவரம் பண்ணிக்கிட்டு இருந்தவன் விடுதலையாகிப் போயிட்டான். ஜெயிலர் எங்க பிளாக்கு ஆளுக அம்புட்டுப் பேரையும் வரிசையா நிக்க வச்சு, கையை நீட்டுங்கடான்னாரு. எவன் கை ஆடலையோ அவன்தான் இனிமே கத்தி பிடிக்கணும்னாரு. நூத்தி எம்பது பேருல என் கை மட்டும்தான் ஆடாம நின்னுச்சு. ஊர்ல தெரிஞ்சா எங்க ஆளுக காறித் துப்புவாய்ங்க, வீரணன் அடுத்தவனுக்குச் செரைக்கிறானான்னு. துப்பட்டும்னு பிடிச்சேன். பத்து வருசம் பிடிச்சேன். ஒரு கைதி முகத்துல ஒரு கீறல் விழுந்ததில்ல சார், யாரை வேணும்னாலும் கேளுங்க.

வெளிய பிளேடுங்கிறது பெட்டிக்கடையில தொங்குற சாமான். உள்ள அது ஆயுதம். கைதி கையில ஒரு துண்டு பிளேடு இருந்தா தனிக் கொட்டடிதான். சவரக்காரன் எனக்கு மட்டும் வாரத்துக்கு அஞ்சு குடுப்பாய்ங்க. அஞ்சு, நூத்தி எம்பது மூஞ்சிக்கு! ஒவ்வொரு பிளேடையும் ரெண்டா ஒடிப்பேன். பத்தாவது ஆளுக்கு வரும்போதே மழுங்கிரும், வெட்டாது, பிடுங்கும். அதுக்கு ஒரு வழி இருக்கு. டீ குடிக்கிற கண்ணாடி கிளாஸ் இருக்குல்ல, அதுக்குள்ள பிளேடை விட்டு, விரலால அமுக்கி, இப்பிடியும் அப்பிடியும் தேய்க்கணும். கூர் வந்துரும். டெட்டால் தண்ணில ஒரு முக்கு, அடுத்த ஆளு. இன்னும் வேணும்யான்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன் தெரியுமா? மேல எழுதிப் போட்டிருக்கு, வந்தா தர்றோம்பாய்ங்க. பத்து வருசமா எழுதிப் போட்டிருந்தாய்ங்க.

அது பொது பிளேடு. எவன் மூஞ்சில என்ன இருக்குன்னு யாரு கண்டா? அதை நான் என் முகத்துல வைக்க மாட்டேன். எனக்குன்னு ஒண்ணு வச்சிருந்தேன், சொந்த பிளேடு. எப்பிடி வந்துச்சுன்னு கேக்காதீங்க, வார்டருலயும் நல்ல மனுசங்க உண்டு. பல்லு விளக்குற பிரஷ்ஷோட காம்பைத் தீயில இளக்கி, அதுல பாதி பிளேடைச் சொருகி, தாள்ல சுத்தி சுவத்து விரிசல்ல வச்சிருப்பேன். மாசத்துக்கு ஒண்ணு மாத்துவேன். கண்ட பயலோட முகம் படாதது. அதை விடச் சுத்தம் அந்த ஜெயில்ல எதுவும் கெடையாது.

போன புதுசுல எனக்கு டைபாய்டு வந்து, ஒண்ணுக்கு ரெண்டுக்குக்கூட எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். குருவையான்னு ஒரு அண்ணன், ராஜபாளையத்துப் பக்கம், சமையக்கட்டுல இருந்தாரு. அவருதான் கஞ்சியை ஆத்தி ஆத்தி எனக்கு ஊட்டுனாரு. பெத்த தாயி பார்ப்பாளா அப்பிடி? என் பொண்டாட்டி அப்ப என்னைப் பார்க்க மனுக்கூடப் போடல. மகன் எட்டிப் பார்க்கல. அப்பேர்ப்பட்ட மனுசன் முகத்துல அந்தப் பொது பிளேடை வைக்க எனக்கு மனசு வருமா? என்னோடதை எடுத்தேன். "இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் அண்ணே"ன்னேன். அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. உள்ள இருக்கிற ஒருத்தன் இன்னொருத்தனுக்குக் குடுக்குறதுக்கு வேற என்ன சார் இருக்கு?

அப்புறம் ஒவ்வொருத்தராச் சேர்ந்தாங்க. எனக்கு மேல்முறையீட்டு மனு எழுதிக் குடுத்த ஒருத்தரு. ஒரு அடிதடில எனக்குப் பதிலா மண்டையைக் குடுத்த ஒருத்தன். தறிக்கூடத்துல இருந்த மூணு பேரு. அப்புறம் ஒரு வயசாளி, எம்மேல உசுரு அவருக்கு. குருவையா அண்ணனோட மொத்தம் ஏழு பேரு. அந்தக் கூட்டத்துல சேர பெரிய பெரிய ரவுடிப் பயலுகெல்லாம் கெஞ்சுவாய்ங்க. "வீரணா, ஒரு கட்டு பீடி தர்றேன், உன் பிளேடுல ஒரு தடவை"ம்பான். போடான்னுருவேன். பீடிக்கு விக்கிற சாமானா அது?

போன ஐப்பசில குருவையா அண்ணனுக்குக் கண்ணு ரெண்டும் மஞ்சளடிச்சுப் போச்சு. கீழாநெல்லியைத் தேடிப் பிடுங்கி அரைச்சுக் குடுத்தோம். நிக்கல. வயிறு வீங்கி, ஆளு நெனவு தப்பித் தப்பிப் பேச ஆரம்பிச்சப்புறம்தான் ஆஸ்பத்திரிக் கைதி வார்டுக்குக் கொண்டு போனாய்ங்க. அங்க இருந்து சேதி வந்து, ஒரு டாக்டரம்மா ஆளுகளைக் கூட்டிட்டு ஜெயிலுக்கே வந்துச்சு. பிளாக்கு பூராத்துக்கும் ரத்தம் எடுத்தாய்ங்க.

எங்க பிளாக்குல என்னென்ன நடக்கும் தெரியுமா? பச்சை குத்துற பய ஒருத்தன் இருந்தான். ரப்பர் செருப்பை எரிச்ச கரி, ஒரு தையல் ஊசி, அதுலயே அம்புட்டுப் பேருக்கும் குத்துவான். போதை ஊசி போடுற கூட்டம் ஒண்ணு, ஒரே சிரிஞ்சு ஆறு பேரு கை மாறும். நோய் வரணும்னா அவிங்களுக்குத்தானே வரணும்? அவிங்கள்ல நாலு பேருக்கு வேற ஒரு நோய் இருந்துச்சு, அது வேற கதை. இந்த பி வைரஸு யாருக்கு வந்திருக்குங்கிறீங்க? குருவையா அண்ணன். மனு எழுதுனவரு. மண்டையைக் குடுத்தவன். தறிக்கூடத்து மூணு பேரு. அந்த வயசாளி. எட்டாவதா, எனக்கு. எனக்கும் இருக்குன்னு எழுதிட்டாய்ங்க சார்.

அந்த டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச்சு. சின்ன வயசு, எனக்கு ஒரு மகள் இருந்தா அந்த வயசுதான் இருக்கும். "வீரணன், இந்த ஏழு பேருக்கும் பொதுவா என்ன இருக்கு? உங்களுக்கு ஏதாவது தோணுதா?"ன்னுச்சு.

"தங்கமான மனுசங்கம்மா. இந்த பிளாக்குலயே நல்லவங்கன்னா இந்த ஏழு பேருதான்"ன்னேன்.

"இவங்களுக்குச் சவரம் யாரு பண்றது?"

"நான்தாம்மா."

"எல்லாருக்கும் போடுற அதே பிளேடா?"

"சேச்சே, இவங்களுக்குப் போயி அதைப் போடுவேனா? இவங்களுக்கு என் சொந்த பிளேடும்மா. நான் எனக்குப் பண்றது." பெருமையாத்தான் சொன்னேன். அந்தம்மா எழுதிக்கிட்டு இருந்த பேனாவைக் கீழ வச்சிருச்சு.

அப்புறம் சொல்லுது, "எட்டுப் பேருல உங்களுக்குத்தான் இது ரொம்பப் பழசு. ஜெயிலுக்கு வர்றதுக்கு முன்னாடியிலேர்ந்தே உங்க ரத்தத்துல இருந்திருக்கலாம்"னு. எனக்குச் சுள்ளுன்னு ஏறிருச்சு. ஒரு நாள் தலைவலின்னு படுத்தவனில்ல நான். "ஒரு பொட்டு ரத்தம் வந்ததில்லம்மா எங்கையில"ன்னேன். "கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் ரத்தம்னு இல்லைங்க"ன்னுச்சு. படிச்ச புள்ளைக, எதையாவது சொல்லத்தான் செய்யும்.

அன்னைக்கே என் சவரப் பெட்டியைப் பிடுங்கிட்டாய்ங்க. சுவத்து விரிசலைக் கம்பி விட்டு நோண்டி என் பிளேடையும் எடுத்துக்கிட்டாய்ங்க. மறுநாள் காலைல பாருங்க கூத்தை, லாரில வந்து எறங்குது பிளேடு. ஆளுக்கொரு பிளேடு, ஆளுக்கொரு பேரு எழுதுன உறை! பத்து வருசமா மேல எழுதிப் போட்டு வராத பிளேடு, ஒரே ராத்திரில எங்க இருந்து சார் வந்துச்சு? அதை எவனும் கேக்கல. வார்டரு, ஜெயிலரு, பிளாக்குல இருந்த பயலுக, எல்லாரும் என்னையவே பார்த்தாய்ங்க. அந்த ஆறு பேரும் எங்கூடப் பேசல. மண்டையைக் குடுத்தவன் சாப்பாட்டு வரிசையில எனக்குப் பின்னாடி நிக்க மாட்டேன்னு தள்ளிப் போயி நின்னான். பத்து வருசம் முகத்தைக் காட்டுன பய.

என்னைய ஈரல் ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனப்ப, கெஞ்சிக் கூத்தாடி கைதி வார்டுல குருவையா அண்ணனைப் பார்த்தேன். மூணு வாரத்துத் தாடி. கை கால் குச்சியாப் போயி, வயிறு மட்டும் மேடு தட்டிக் கெடக்கு. "அண்ணே, நான் பண்ணி விடவா? போலீசுகிட்டச் சொல்லி ஒரு பிளேடு வாங்குறேன்"ன்னேன். என்னையவே பார்த்துட்டு, "வேண்டாம்யா, போதும்"னாரு. சொல்லிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. நாலு நாள்ல போயிட்டாரு. கஞ்சி ஊட்டுன மனுசன் சார். அவரு திரும்பிப் படுத்ததை நெனச்சா இன்னும் சோறு எறங்க மாட்டேங்குது எனக்கு. நான் அவருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? என்கிட்ட இருந்ததுலயே ஒசந்ததைத்தானே குடுத்தேன்?

ஆவியூரா இது? இன்னும் கொஞ்ச தூரந்தான்.

விடுதலையாகும்போது அந்த டாக்டரம்மா மறுபடி வந்துச்சு. "வெளிய யாருக்காவது அந்த பிளேடுல சவரம் பண்ணிருக்கீங்களா? சொன்னீங்கன்னா அவங்களைக் காப்பாத்தலாம். மருந்து இருக்கு, தடுப்பூசி இருக்கு. வயித்துப் புள்ளைக்குக்கூட, பொறந்த அன்னைக்கே ஊசி போட்டா பெரும்பாலும் காப்பாத்திரலாம்"னுச்சு. "அப்பிடி யாரும் இல்லம்மா"ன்னேன். "வீட்டுல உங்களுக்கு இருக்கிறதைச் சொல்லிருவீங்களா?"ன்னுச்சு. சரின்னேன்.

என்ன கேட்டீங்க? பரோலா?

வந்தேன். ஆவணில, அழகு கல்யாணத்துக்கு. மூணு நாளு, ரெண்டு போலீசு காவலோட.

பன்னெண்டு வருசத்துல அவன் ஒரு தடவைகூட என்னைய வந்து பார்த்ததில்ல. பள்ளிக்கூடத்துல கொலைகாரன் மகன்னு கூப்பிட்டிருக்காய்ங்க, பார்க்க மனசு எப்பிடி வரும். வீட்டுக்குள்ள நுழையிறேன், "வாங்க"ங்கிறான். தெருவுல போற ஆளைச் சொல்ற மாதிரி. கல்யாணத்தன்னைக்குக் காலைல மாப்பிள்ளைச் சவரத்துக்கு ஊர்ச் சவரக்காரரு வந்து, புது பிளேடு பாக்கெட்டைப் பிரிச்சாரு. நான் எந்திரிச்சேன். "இருங்கய்யா, எம்மகனுக்கு நான் பண்ணுறேன்"ன்னேன். பேச்சியம்மா தலையில அடிச்சுக்கிட்டா, எங்க பங்காளிக முகத்தைச் சுளிச்சாய்ங்க. அவன் மணையில வந்து உக்காந்து, தலையை அண்ணாந்து கழுத்தைக் காட்டுனான். கொலைகாரன்கிட்ட கழுத்தைக் காட்டுனான் எம்புள்ளை.

அந்த பாக்கெட்டு பிளேடை நான் தொடல. அது எவனுக்கு வேணும்னாலும் கெடைக்கும். நான் என்னோடதைக் கொண்டுபோயிருந்தேன், வேட்டி மடிப்புல, போலீசுக்குத் தெரியாம. பத்து வருசமா ஆடாத கை அன்னைக்கு ஆடிப்போச்சு. கண்ணுல தண்ணி வந்து மறைச்சிருச்சு, தாடைக்குக் கீழ ஒரு கீறல். சின்னக் கீறல்தான். படிகாரத்தைத் தேய்ச்சுட்டு, "வலிக்குதாடா"ன்னேன். "இல்லப்பா"ன்னான். அப்பான்னான் சார். பன்னெண்டு வருசம் கழிச்சு.

ஏன் அப்பிடிப் பார்க்கிறீங்க? ஒரு கீறலு. ஊர்ல எந்த மாப்பிள்ளைக்குக் கீறல் விழல?

அவன் ரத்தம் குடுக்கட்டும்னுதானே சொல்ல வர்றீங்க? குடுப்பான். இருக்குன்னு வரும்னு வைங்க. அதுக்கப்புறம் அவன் யாரைப் பார்ப்பான்? சுவத்துப் பக்கம் திரும்பிப் படுக்கிறதை ஒரு தடவை பார்த்துட்டேன் சார், இன்னொரு தடவை என்னால முடியாது.

அந்தப் புள்ளை கெட்ட புள்ளைன்னு நான் எங்க சொன்னேன்? நல்ல புள்ளைதான். அன்னைக்கு பஸ் ஏறும்போது என் கால்ல விழுந்து, "மாமா, நீங்களாவது நம்புங்க மாமா"ன்னு அழுதுச்சு. நான் எந்தப் பக்கம் பார்க்கிறதுன்னு தெரியாம பஸ்ஸு போர்டைப் படிச்சுக்கிட்டு நின்னேன். சின்ன வயசு, பொழைச்சுக்கிடும். வயித்துல இருக்கிறதுக்கு ஊசி இருக்கு, அங்க உள்ள நர்ஸு பார்த்துக்கிடும். அவளுக்கு அப்பன் இருக்கான், மாமன் இருக்கான், தாங்கிக்கிடுவாய்ங்க. எனக்கு யாரு இருக்கா? இப்பத்தான் சார் ரெண்டு மாசமா, "அப்பா சாப்பிட்டீங்களா"ன்னு ஒரு குரலு கேக்குது வீட்டுல.

என்னோட ரிப்போர்ட்டா? அதைக் கிழிச்சு, விடுதலையான அன்னைக்கே சாக்கடையில போட்டுட்டேன். கையில இருக்கிறது இந்த ஒரு கவர்தான். இதைப் போட்டா அங்க எவனும் வாயைத் திறக்க முடியாது.

காரியாபட்டி வந்திருச்சு. அந்தா நிக்கிறான் பாருங்க, நீலச் சட்டை. பஸ்ஸுக்குள்ள என்னையத் தேடுறான். எவ்வளவு கறுத்துப் போயிட்டான், இருபது நாளா அவனும் சரியாச் சாப்பிடல. இந்தா வர்றேன்டா, எறங்குறேன்.

கொஞ்சம் காலை மடக்குங்க சார், எறங்கணும். நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? அருப்புக்கோட்டைக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க? உக்காருங்க. சார், அவன்கிட்டப் போகாதீங்க. உங்க கால்ல விழுகிறேன், உக்காருங்க சார்.